பொழியூர் எல்லைத் தகராறு

போன மாதம் அரசு ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பொது நிறுவனங்களில் தகவல் தொடர்பை நம் தேசியப் பண்பாடு எப்படி உருவாக்குகிறது என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய இளம் அதிகாரி திரையில் பெட்டிகளும் அம்புகளுமாகப் போட்டுக் காட்டினார். நம் மக்கள் மேலதிகாரியிடம் 'இல்லை' என்று சொல்லத் தயங்குகிறவர்கள் என்றும், அது நம் மரியாதைப் பண்பாட்டின் ஒரு பக்கவிளைவு என்றும் சொன்னார். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு ஒதுக்கியது பத்து நிமிஷம். அதில் பாதியை வரவேற்புரை எடுத்துக்கொண்டது. மீதியில் நான் வணக்கமும் நன்றியும் சொல்லி இறங்கிவிட்டேன். வெளியே வந்தபோது இரண்டு மூன்று இளம் குமாஸ்தாக்கள் பிடித்துக்கொண்டார்கள். "எல்லைப் போராட்டக் காலத்துல சார் டிரான்ஸ்லேட்டரா இருந்தீங்களாமே, அப்போ ஆபீஸ் எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். பஸ் வந்துவிட்டதால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா பாறசாலைப் பக்கத்தில் ஒரு மிஷன் சபையில் உபதேசியார். எனக்குத் தமிழ் வேதப்புத்தகத்திலிருந்தும், மலையாளம் பள்ளிக்கூடத்திலிருந்தும், இங்கிலீஷ் ஹெட்மாஸ்டரின் பிரம்பிலிருந்தும் வந்தன. மூன்றிலும் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லாமல் சர்க்கார் வேலைக்குள் நுழைந்தேன். முதல் சில வருஷங்கள் பதிவேட்டில் வரிசை எண் போட்டதோடு போயின.

திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களில் தமிழ் பேசுகிறவர்கள் தங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஊர்வலம். பெயர்ப்பலகைகளில் ஒரு வாரம் தமிழுக்குத் தார் பூசப்படும், அடுத்த வாரம் மலையாளத்துக்கு. ஜனங்கள் பலகையைப் பார்க்காமலேயே ஊரைத் தெரிந்துவைத்திருந்ததால் போக்குவரத்துக்குக் குறைவில்லை. எல்லையோரத்து மனுக்களை விசாரிக்கவும், அப்படியே ஜனங்களின் மனநிலையை அறிந்து மேலே சொல்லவும் அந்தச் சமயத்தில் ஒரு ஸ்பெஷல் ஆபீஸ் திறந்தார்கள். அமரவிளைக்கு அடுத்து ஒரு பழைய கொப்பரைக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஆபீசுக்கு எங்கள் பக்கத்தில் கச்சேரி என்று பெயர், அதனால் ஊர்க்காரர்கள் அதைக் கொப்பரைக் கச்சேரி என்றார்கள். எங்கள் கோப்புகள் எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறை இருக்கும். பின்னாளில் வேறு ஆபீஸ்களில் பழைய காகிதக் கட்டுகளைப் புரட்டும்போது, எது நாங்கள் அனுப்பியது என்று நான் மூக்காலேயே கண்டுபிடித்திருக்கிறேன்.

அங்கே நான் தமிழ் டிரான்ஸ்லேட்டர். ஜன்னலில் மனு வந்ததும் பியூன் வேலப்பன் வாங்கி முத்திரை குத்துவான். தமிழ் மனுவானால் என் மேசைக்கு வரும். மேலே உள்ளவர்கள் இங்கிலீஷில்தான் வாசிப்பார்கள் என்பதால் நான் இங்கிலீஷில் பெயர்த்து எழுத வேண்டும். தாளின் இடதுபாதியை வெறுமையாக விட்டு, வலதுபாதியில் மட்டும் எழுத வேண்டும். இடதுபாதி மேலதிகாரிகளின் சிந்தனைக்கு. பெரும்பாலும் அது வெறுமையாகவே திரும்பி வரும்.

நாங்கள் எழுதிய பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் யாரும் எதையும் செய்வதில்லை. 'காணப்படுகிறது', 'தெரிய வருகிறது', 'கருதப்படுகிறது', அவ்வளவுதான். ஒருவர் வீட்டைப் போலீஸ் இடித்திருந்தால், 'வீடு இடிந்த நிலையில் காணப்படுகிறது' என்று எழுதுவோம். 'நான்' என்று எழுதுகிற உரிமை மனு கொடுப்பவருக்கு மட்டும் உண்டு. அவரோ 'அடியேன்' என்றுதான் எழுதுவார். ராஜா காலம் முடிந்து ஜனநாயகம் வந்துவிட்டதால் இனி மனுக்களில் அடியேன் முதலான சொற்களை ஊக்குவிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்கு நாங்கள் அனுப்பிய பதில், 'தங்கள் திருவுள்ளப்படி நடக்க அடியேங்கள் சித்தமாயிருக்கிறோம்' என்று தொடங்கியது.

எங்கள் ஸ்பெஷல் ஆபீசர் நல்ல உயரம். எப்போதும் மூடிய கழுத்துக் கோட்டு. வடக்கே எங்கிருந்தோ வந்தவர், அவருக்குத் தமிழ் ஓர் அட்சரமும் தெரியாது என்பது ஆபீஸ் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். என் வேலையே அதை நம்பித்தான் இருந்தது. அவர் தனக்குக் கீழே உள்ளவர்களிடம் நேராகப் பேசமாட்டார். நான் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். அவர் வேலப்பனைப் பார்த்து, டிரான்ஸ்லேட்டர் வந்துவிட்டானா என்று மலையாளத்தில் கேட்பார். வேலப்பன் என்னைப் பார்ப்பான். வந்திருக்கிறேன் என்று நான் வேலப்பனிடம் சொல்வேன். வேலப்பன் அதை அவரிடம் சேர்ப்பிப்பான். வேலப்பன் லீவு போட்ட நாட்களில் அந்த அறையில் எந்த வேலையும் நடக்காது.

அவர் கோப்பில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதுவார். பேசப் போனால், எழுதிக்கொண்டு வரச் சொல்வார். எழுதிக்கொண்டு போனால் மறுபடியும் 'பேசவும்'. இப்படி ஒரு கோப்பு பதினோரு முறை போய்வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குள் மனு போட்டவர் குடும்பத்தோடு மலேயாவுக்குப் போய்விட்டார். 'மனுதாரருக்குக் குறை எதுவும் நிலுவையில் இல்லை எனத் தெரிய வருகிறது' என்று எழுதி முடித்தோம்.

சாதாரண மனுக்கள் ஒரு மரத்தட்டில் காத்திருக்கும். கொப்பரை வாசனைக்கு வந்த எலிகள்தான் அவற்றை முதலில் விசாரிக்கும். ஆனால் எல்லைப் பிரச்சினை சம்பந்தப்பட்ட காகிதம் என்றால் விஷயமே வேறு. அதற்குச் சிவப்புத் தாள் ஒட்டி, ரகசியம் என்று எழுதி, அன்றைக்கே ஆள் மூலமாகத் திருவனந்தபுரத்து மேலாபீசுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

இந்த நிலையில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. ஒரு மனுவில் 'மக்கள் கொந்தளித்துப் போயிருக்கிறார்கள்' என்று இருந்ததை, மக்கள் கவலையாக இருக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் பெயர்த்துவிட்டேன். மேலாபீசில் வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கொந்தளிப்பு எங்கே போனது என்று கேட்டு எழுதினார். அன்று மத்தியானம் ஹெட் கிளார்க் கேசவன் சார் என்னைக் கிட்டங்கியின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நெய்யாற்றின்கரைக்காரர், தங்கமான மனிதர், எதையும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்.

"தாசையா, உனக்க டிரான்ஸ்லேஷன்ல ஒரு சாய்வு உண்டுண்ணு மேல ஒரு பேச்சு. நான் சொன்னேண்ணு வேண்டாம். பாத்து எழுது."

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அந்த வருஷங்களில் தமிழ்ப் பக்கம் சாய்வு உள்ளவன் என்று பெயர் வாங்கினவர்கள் வேலையை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், எது ஆபத்தானதோ அதையே எழுதிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எதையும் மறைத்தேன் என்று அப்புறம் யாரும் சொல்ல முடியாதல்லவா.

அப்படி இருக்கும்போதுதான் பிலோமினாள் வந்தாள்.

பொழியூர்க் கடற்கரையில் குடிசை. புருஷன் இறந்து மூன்று வருஷம். ஒரு மகள். கருவாடு சுமந்து விற்றுப் பிழைப்பு. கடல் ஏறி வந்து அவள் நிலத்தின் இரண்டு சர்வே கல்லையும் கொண்டுபோய்விட்டது. வடக்குப் பக்கத்தில் கயிறு பிரிக்கிற களம் வைத்திருந்தவர், கல் இல்லாததைப் பார்த்ததும் தன் வேலியைச் சிறிது சிறிதாக நகர்த்தத் தொடங்கினார். கடல் ஒரு பக்கம், வேலி ஒரு பக்கம். வைகாசி நடுவில் இறங்கும் இடவப்பாதி மழை வருவதற்குள் அளந்து கல் போடாவிட்டால் அவளுக்கு நிற்க இடம் இருக்காது.

ஆபீஸ் வாசலில் அயினி மரத்தடியில் நீலகண்டன் என்று ஒருவர் மனு எழுதிக் கொடுப்பார். பள்ளி ஆசிரியராக இருந்து, ஊர்வலத்தில் போனதற்காக வேலையை இழந்தவர். கொச்சைத் தமிழைக் கேட்டால் அவருக்குக் காது வலிக்கும். ஒவ்வொரு மனுவையும் மேடைப் பேச்சு போலத்தான் எழுதுவார். என் மேசை ஜன்னலை ஒட்டி இருந்ததால் அவள் சொன்னதும் அவர் அதை எழுதிவிட்டு வாசித்ததும் இரண்டும் எனக்குக் கேட்டன.

அவள் சொன்னது இது: "கடலு எனக்க அதிருக் கல்லு ரெண்டையும் கொண்டு போச்சு. வடக்க வீட்டுக்காரன் வேலியெ உள்ள உள்ள தள்ளி வைக்குதான். வந்து அளந்து கல்லு போட்டுத் தரணும். செத்தாலும் நான் அங்கேருந்து போவமாட்டேன்."

நீலகண்டன் எழுதியது இது: 'எங்கள் எல்லை அந்நியரால் நாளுக்கு நாள் ஆக்கிரமிக்கப்பட்டு வருகிறது. உடலில் உயிர் உள்ளவரை எங்கள் மண்ணில் ஓர் அங்குலமும் விட்டுத்தர மாட்டோம். எல்லையை உடனே வரையறுத்து நிலைநாட்டுக.' சர்வே நம்பரை அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். 'என்' என்று எழுதினால் கம்பீரம் இருக்காது என்பதால் 'எங்கள்' என்று மாற்றியிருந்தார்.

காகிதம் என் மேசைக்கு வந்தது. விஷயம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். 'பவுண்டரி' என்று எழுதினால் நிலத்தின் அதிர். 'பார்டர்' என்று எழுதினால் ராஜ்யத்தின் எல்லை. பேனா ஒரு நிமிஷம் காற்றில் நின்றது. மேலாபீசில் மூலத்தோடு ஒப்பிடுகிற ஆளை நினைத்துக்கொண்டேன். பார்டர் என்று எழுதினேன். அந்நியருக்கு வெளிநாட்டாரைக் குறிக்கும் சொல்லைப் போட்டேன். உயிர் உள்ளவரை என்பதைச் சற்று அடர்த்தியாகவே பெயர்த்தேன். கேசவன் சார் வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சிவப்புத் தாளை எடுத்து ஒட்டினார். ஆபீசர் மூலத்தையும் என் பெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த ஆபீசின் சரித்திரத்தில் அப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. பொழியூரில் இயங்கும் இந்தக் குழுவின் தலைவர் யார், பின்னால் எத்தனை பேர், அந்நியர் எனப்படுவது யாரை, ஓர் அங்குலம் என்பது குறிப்பாக எந்த இடத்தை என்று நான்கு கேள்விகள். போலீஸ் நேரில் போய் விசாரிக்க வேண்டும், டிரான்ஸ்லேட்டர் உடன் செல்ல வேண்டும்.

ஒரு இன்ஸ்பெக்டரும் நான்கு கான்ஸ்டபிள்களும் நானும் ஜீப்பில் போனோம். கடற்கரை மணலில் ஜீப் புதைந்ததால் கடைசித் தூரத்தை நடந்தே கடந்தோம். பிலோமினாள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தொப்பியும் காக்கியுமாக இத்தனை பேரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சாறே, அளக்க வந்தியளா?"

அந்தச் சந்தோஷத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்பார். அவளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அவள் எங்கள் பக்கத்துப் பேச்சில் பதில் சொல்வாள். அதில் பாதி மலையாளம்தான் என்பதால் அவருக்கும் புரியும். ஆனால் விசாரணை டிரான்ஸ்லேட்டர் வழியாக நடக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆகவே இருவருக்கும் புரிந்ததை இருவருக்கும் நான் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து கேள்விகளுக்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பி, அவர் சொல்வது தனக்கு மனசிலாகிறது, நான் எதற்காகக் கஷ்டப்படுகிறேன் என்று கேட்டாள். அதையும் நான் பெயர்த்துச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

பின்னால் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "எனக்க கூடயா? ஒரு மகளும் ஒரு ஆடும் உண்டு" என்றாள். அந்நியர் யார் என்றதற்கு வடக்கே உள்ளவன் என்றாள். வடக்கே என்றதும் இன்ஸ்பெக்டரின் பென்சில் நின்றது. அவள் கையை நீட்டி, பத்தடி தள்ளி இருந்த கயிற்றுக் களத்தைக் காட்டினாள். அங்கே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த களத்துக்காரர் சட்டென்று உள்ளே போனார். கடைசியாக, நீ தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவள் கடலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கடலுக்க இந்தப் பக்கம் கெடந்தா போதும் சாறே."

திரும்பும்போது இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஒரு பீடியை முழுக்க இழுத்து முடித்தார். பிறகு, இது வெறும் பறம்புத் தகராறு, வீட்டு நிலச் சண்டை என்றார். ஆமாம் என்றேன். அப்படி எழுத முடியாது என்றார். மேலே கேட்டிருப்பது தலைவர் யார் என்று. தலைவர் என்று ஒருவரும் இல்லை என எழுதினால், கேட்டவர் கேட்டது தப்பு என்று ஆகிவிடும். அவர் எழுதிய அறிக்கையின் நகலைப் பின்னால் பார்த்தேன். 'தலைவி அடையாளம் காணப்பட்டார். ஆதரவாளர்கள் தற்போது இருவர். நிலைமை கண்காணிப்பில் உள்ளது.'

அறிக்கையில் கண்காணிப்பு என்று இருந்ததால் கண்காணிக்க ஆள் வேண்டியிருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்களை அவள் முற்றத்தில் போட்டார்கள். அந்தச் சர்வே நம்பர் சம்பந்தமான மற்ற நடவடிக்கை எல்லாவற்றையும் மறு உத்தரவு வரை நிறுத்தி வைக்கவும் உத்தரவாயிற்று. அதாவது, அளக்கக் கூடாது.

மேட மாதம், அதாவது சித்திரை, பாதி போனபோது அவள் மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாள். தோளில் கிடந்த துணியை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அப்படி நிற்க வேண்டியதில்லை என்று எத்தனையோ சுற்றறிக்கை வந்திருந்தும் எல்லோரும் அப்படியேதான் நின்றார்கள்.

"போலீசுப் பிள்ளைய ரெண்டு பேரும் நல்லவங்க தான். ஆட்டுக்குக் கொழை ஒடிச்சுப் போடுதானுவ. பட்சே அளக்க எப்பம் வருவாவ? கடலு எறங்குற மாதிரி இல்ல."

விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடலாம். முப்பது வருஷ சர்வீசில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அது. அன்றைக்கு ஏனோ அது வாயில் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான்தான் அவள் மனுவைத் தப்பாகப் பெயர்த்தேன், அதனால்தான் போலீஸ் வந்தது, அதனால்தான் அளக்க ஆள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஜன்னலுக்கு ஓரடி நெருங்கி வந்தாள்.

"தெரியாம எழுதினியளா?"

"தெரிஞ்சுதான்."

"எதுக்கு?"

"பயந்து போய் எழுதினேன்."

"எனக்குக் கடலெப் பயம். உங்களுக்கு எதெப் பயம்?"

நான் அறையைத் திரும்பிப் பார்த்தேன். கேசவன் சார் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வேலப்பன் ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்தான். இவர்களைத்தான் என்று எப்படிச் சொல்வது?

"செரி, இனி நேரா எழுதிக் குடும். நான் அங்க நிக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் அயினி மரத்தடியில் போய் நின்றாள். நீலகண்டன் பெஞ்சை நகர்த்திக் கொடுத்தும் உட்காரவில்லை.

நான் தாளை எடுத்து இடதுபாதியை வெறுமையாக விட்டு எழுதினேன். 'இந்த மனு ஒரு வீட்டு நிலத்தின் அதிர்க் கல் பற்றியது. நான் அதை அறிந்தே தவறாகப் பெயர்த்தேன். நிலத்தை அளப்பதற்கான தடையை நீக்க வேண்டுகிறேன்.' மூன்றே வரி. சர்க்கார் காகிதத்தில் நான் எழுதிய முதல் 'நான்' அது. கேசவன் சார் வாசித்ததும் தாளை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார், யாரோ அம்மணமாக வந்துவிட்டதைப் போல. இதை மாற்றி எழுதித் தருகிறேன் என்றார். உதவி செய்கிற எண்ணத்தோடுதான் சொன்னார். அவர் எழுதிய வடிவம் இது: 'மேற்படி விஷயத்தில் சொற்பொருள் சார்ந்த ஒரு மயக்கம் நேர்ந்திருக்கக் கூடும் எனக் கருதவும் இடமுண்டு எனக் காணப்படுகிறது.'

யாருக்கு மயக்கம், எந்தச் சொல், என்ன செய்ய வேண்டும், ஒன்றும் அதில் இல்லை. அது போனால் ஆறு மாதம் விசாரிப்பார்கள். நான் என் தாளையே ஆபீசரிடம் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் பென்சில் குறிப்போடு திரும்பியது: 'பாஷை முறையாக இல்லை. தன்மைச் சொல் நீக்கி மீண்டும் வைக்கவும்.'

அன்று மாலை அந்த மூன்று வரியையும் வேறொரு தாளில் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். என் மேசையிலிருந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்து ஒட்டினேன். பாறசாலைக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் நேராக மேலாபீசுக்கே அனுப்பிவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து பிலோமினாளிடம் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முத்திரை விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.

சிவப்புத் தாள் தன் வேலையைச் செய்தது. அந்த வாரமே கான்ஸ்டபிள்களை வாபஸ் வாங்கினார்கள், தடை நீங்கியது. மேலாபீஸ் ஒரு விஷயத்தில் மிகவும் பதறிப்போயிருந்தது போலும்: ஆட்டையும் சேர்த்து இருவரை ஆதரவாளர்கள் என்று மேலும் மேலே அறிவித்துவிட்டிருந்தார்கள். அது வெளியே வருவதற்குள் விஷயத்தை முடிக்க வேண்டும். இடவப்பாதிக்கு ஒன்பது நாள் முன்பு சர்வேயர் சங்கிலியோடு பொழியூருக்குப் போனார்.

எனக்கும் ஒரு மெமோ வந்தது. தவறாகப் பெயர்த்ததைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. முறையான வழியைத் தவிர்த்து மேலாபீசுக்கு நேரடியாக எழுதியது ஏன் என்று மட்டும் கேட்டிருந்தது. விசாரணை அதிகாரி எங்கள் ஸ்பெஷல் ஆபீசர்தான்.

விசாரணை நாளில் நான் வழக்கம்போல மேசைக்கு முன்னால் நின்றேன். வேலப்பன் நடுவில் நின்றான். ஆபீசர் வேலப்பனிடம் வெற்றிலை வாங்கிவரச் சொன்னார். அவர் வெற்றிலை போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வேலப்பன் போனதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இரியும்" என்றார்.

தமிழ்தான். அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். எனக்கு உட்காரத் தெரியாமல் போயிற்று. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டேன்.

"எனக்க அம்மைக்கு ஊரு களியக்காவிளைக்குத் தெக்கயாக்கும். எட்டு வயசு வரைக்கும் நான் அங்கதான் வளந்தேன். அந்த மனுவெ நான் அன்னைக்கே வாசிச்சேன். பறம்புக்க அதிருண்ணு எனக்கு மனசிலாச்சு."

வேலப்பன் இல்லாததால் நான் அவரிடம் நேராகவே கேட்க வேண்டியிருந்தது.

"பின்ன ஏன் சார் ஒப்பு போட்டிய?"

அவர் கோட்டின் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குத் தமிழு தெரியாதுல்லா" என்றார்.

அதில் கேலி இல்லை. அந்த வருஷங்களில், அந்த நாற்காலியில் இருக்கிறவருக்குத் தமிழ் தெரியும் என்று வெளியே வந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததா? எனக்குச் சாய்வு உண்டு என்ற பேச்சை அவர் வரைக்கும் யாரும் நீட்டிவிடக் கூடாது. நான் பயந்த, மேலாபீசில் மூலத்தோடு ஒப்பிடுகிற அதே ஆளுக்குத்தான் அவரும் பயந்திருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே காகிதத்தை ஒரே அர்த்தத்தில் வாசித்துவிட்டு, வேறு அர்த்தத்தில் அனுப்பியிருக்கிறோம். வெளியே வேலப்பனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் எழுந்து கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன். டிரான்ஸ்லேட்டர் தன் தவறை ஒப்புக்கொள்கிறானா என்று மலையாளத்தில் வேலப்பனிடம் கேட்டார். ஒப்புக்கொள்கிறேன் என்று வேலப்பனிடம் சொன்னேன். என்னை மலையோரத்தில் ஒரு வன ஆபீசுக்கு மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அங்கே தமிழில் மனு கொடுக்க யாரும் இல்லை.

சில காலம் கழித்து ராஜ்யங்களின் எல்லையைப் பிரித்தார்கள். தெற்குத் தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின, எங்கள் ஊர்கள் இந்தப் பக்கம் நின்றன. கொப்பரைக் கச்சேரியை மூடிவிட்டார்கள். ஆபீசர் பெரிய பதவிக்குப் போய் ஓய்வு பெற்றதாகக் கேள்வி. கடைசிவரை அவருக்குத் தமிழ் தெரியாது என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை இன்று வரை யாரிடமும் மறுத்ததில்லை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

மாற்றல் உத்தரவு கையில் வந்த பிறகு, மலைக்குப் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சபையில் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் பொழியூருக்குப் போனேன். மழை தொடங்கியிருந்தது. வடக்குப் பக்கம் ஒரு கல்லும் தெற்குப் பக்கம் ஒரு கல்லும் புதிதாக நின்றன. கயிற்றுக் களத்துக்காரர் வேலியை அதன் பழைய இடத்துக்கும் ஒரு முழம் பின்னாலேயே கொண்டுபோயிருந்தார். சர்வேயர் போடச் சொன்னதல்ல, கான்ஸ்டபிள்கள் வந்து உட்கார்ந்த மறுநாளே அவராக நகர்த்தியது. கரையில் வேறு நாலைந்து குடும்பங்களும் நீலகண்டனிடம் போய்த் தங்கள் மனுக்களை எழுதி வாங்கிக்கொண்டு போனதாகப் பிலோமினாள் சொன்னாள். எல்லோரும் மறக்காமல் 'எல்லை' என்று போடச் சொன்னார்களாம். ஒருவர் கிணற்றில் தூர் வாருவதற்கும் அப்படி எழுதி வாங்கினாராம்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், தப்பாக எழுதினதால் அவளுக்கு இரண்டு மாதம் வீணாகிவிட்டது என்று சொன்னேன். அவள் கட்டன் காப்பியை ஊதி என் கையில் கொடுத்தாள்.

"சாறு நேரா எழுதியிருந்தா, அளக்க ஆளு வந்திருப்பாவளா?"

என் மேசைக்குப் பின்னால் இருந்த மரத்தட்டு நினைவுக்கு வந்தது. வீட்டு நிலம், வழி, கிணறு, வாய்க்கால் என்று சரியான சொற்களால் எழுதி, நான் சரியாகவே பெயர்த்து வைத்திருந்த மனுக்கள் அதில் விளிம்பு வரை இருந்தன. அவற்றை எழுதிக் கொடுத்தவர்களும் மழைக்கு முன்னால் ஆள் வரும் என்றுதான் எங்கேயோ காத்துக்கொண்டிருப்பார்கள்.

"வந்திருக்கமாட்டாவ" என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டு அவள் மழைக்குள் கருவாட்டை மூடப் போனாள்.